குட்செட்டில் இறங்கியவர்கள்



புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவர் "டவுனுக்குப் போகிறேன்" என்றால் புசல்லாவைக் கடைத்தெருவுக்குப் போகிறார் என்று பொருள். "கண்டிக்குப் போகிறேன்" என்றால் கேட்பவர் ஒரு கணம் நின்று முகத்தைப் பார்ப்பார். ஏனென்றால் எங்கள் ஆட்கள் கண்டிக்குப் போவது நோய், வழக்கு, பதிவுக் காகிதம், கல்யாணச் சேலை என்ற நான்கில் ஒன்றுக்காகத்தான். தூரம் என்னவோ நாற்பது கிலோமீற்றர் அளவுதான். ஆனால் அந்தப் பயணத்துக்கு எங்கள் லயத்தில் விடியற்காலை மூன்று மணிக்கே அடுப்பு எரியும்.

1973ஆம் ஆண்டு. மாவுக்கும் அரிசிக்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற காலம். அம்மாவுக்கு நெஞ்சு நோய். அப்பாவுக்குப் பேர் போட்டால்தான் சம்பளம் என்பதால், பத்து வயதுப் பையனான நான் துணைக்குப் போனேன். மலை இறங்கி ரோட்டுக்கு வந்து, பஸ் பிடித்து, கம்பளை, பேராதனை கடந்து கண்டியில் இறங்கினோம். மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்தி சாய்ந்துவிட்டது. எங்களை ஏற்றிப்போக வேண்டிய பஸ் நிறைந்து வழிந்தது. கைகாட்டிய எங்களைப் பார்த்தும் நிற்காமல் போய்விட்டது. அதற்குப் பின் அன்றைக்கு எங்கள் பக்கம் போக பஸ் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. புகையிரத நிலையத்தை ஒட்டியிருந்த சரக்குக் கொட்டகையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். அங்கே மூட்டை சுமக்கும் வயதான நாட்டாமை ஒருவர் சாக்கை விரித்துப் படுத்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்து, ஒரு சாக்கை எனக்குத் தந்தார். பிறகு அம்மாவிடம், "தூத்தல் அடிக்கும், உள்ளுக்குத் தள்ளி இரு தங்கச்சி. இது ஆளுக்காகக் கட்டுன எடமில்ல, சாமானுக்காகக் கட்டுன எடம்" என்றார்.

அவர் சாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தையின் முழுப் பொருளும் எனக்கு விளங்கப் பல வருடங்கள் சென்றன. கண்டிக்கு வந்த வீதிகளின் கதையும் புகையிரதத்தின் கதையும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

கண்டி அரசர்களுக்கு வீதி ஒரு பகை. அடர்ந்த காடும் குறுகிய கணவாயும்தான் அவர்களுடைய கோட்டைச் சுவர். போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் அந்தச் சுவர் தடுத்து நிறுத்தியது. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கையில் விழுந்ததும் அவர்கள் செய்த முதற் காரியங்களில் ஒன்று அந்தச் சுவரை உடைப்பதாக இருந்தது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி வெட்டப்பட்டது. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வழி செய்தார்கள். அந்த வேலையை நடத்திய பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்துபோனார். அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. பாறை உடைத்த ராஜகாரியக் குடிமக்களுக்குக் கோபுரம் எதுவும் இல்லை. 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தால் ஒற்றை வளைவில் ஒரு பாலம் கட்டினார்கள். 1905இல் வேறு பாலம் வரும்வரை மலைநாட்டின் பாரமெல்லாம் அதன் முதுகில்தான் போனது.

படைக்காக வெட்டிய வீதியில் விரைவிலேயே கோப்பி மூட்டைகள் இறங்கத் தொடங்கின. 1820களின் தொடக்கத்திலேயே ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியில் கோப்பித் தோட்டம் போட்டார். பார்ன்ஸ் தேசாதிபதியே கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். எங்கள் புசல்லாவைக்கும் இதில் பங்கு உண்டு. வேர்ம்ஸ் சகோதரர்கள் தங்கள் உறவினரான வங்கிக் குடும்பத்தின் பெயரைச் சூட்டித் திறந்த ரொத்சைல்ட் தோட்டம் புசல்லாவையில்தான் இருக்கிறது. 1841இல் அங்கே சீனத் தேயிலைக் கன்றுகளும் நடப்பட்டன. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வியாபாரப் பயிராக்கியதற்கு இருபத்தாறு வருடங்களுக்கு முன்பே எங்கள் மண் தேயிலையைக் கண்டிருந்தது.

தோட்டங்கள் பெருகப் பெருக வீதி போதவில்லை. கோப்பியை இரட்டை மாட்டு வண்டியில் கொழும்புக்கு இறக்க வேண்டும். மழைக்காலத்தில் சில்லு புதையும். மாடு சாகும். வண்டிக் கூலி ஏறும். கப்பல் போய்விடும். 1854இல் கண்டியில் தோட்டத் துரைமார் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களுடைய ஓயாத கோரிக்கை புகையிரதம். 1867இல் அது கண்டியை எட்டியது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 75 மைல். கடுகண்ணாவை ஏற்றத்தில் மலையைச் சுற்றிச் சுற்றி வரும் அந்தப் பாதையை இன்றும் உல்லாசப் பிரயாணிகள் படம் பிடிக்கிறார்கள். அது போடப்பட்டதோ காட்சிக்காக அல்ல, கோப்பிக்காக. அதனால்தான் கண்டியில் பிரயாணிகளின் மேடையை அடுத்துச் சரக்குக் கொட்டகை எழுந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் குட்செட். எங்கள் வாயிலும் அதே பெயர்.

இந்த இடத்தில் கடல் கடந்து ஒரு பார்வை பார்ப்போம். அதே 1867ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலும் மலையேறி ஒரு புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. சாந்தோஸ் துறைமுகத்திலிருந்து சாவோ பாவ்லோ வழியாக ஜுந்தியாயி வரை போன பாதை அது. அதுவும் கோப்பிக்காகப் போட்டதுதான். அந்தக் கோப்பி விளைந்தது அடிமைகளின் உழைப்பில். இந்தக் கோப்பி விளைந்தது கங்காணியின் பற்றுக் கணக்கில் கட்டுண்ட எங்கள் மூதாதையரின் உழைப்பில். இரண்டு மலைநாடுகளிலும் ஒரே ஆண்டில் முதலில் வண்டி ஏறியது சரக்குத்தான்.

சரி, கோப்பி இப்படி ஜோராக இறங்கியது. அதைப் பறித்தவர்கள் எப்படி ஏறி வந்தார்கள்? தமிழகத்துக் கிராமங்களிலிருந்து நடந்து கரைக்கு வந்து, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நூறு மைலுக்கும் அதிகமாக நடந்துதான் கண்டிச் சீமைக்கு வந்தார்கள். பசியாலும் பேதியாலும் வழியிலே விழுந்தவர்கள் ஏராளம். கண்டிக்குப் புகையிரதம் வந்த பிறகும் அந்த நடை பல்லாண்டுகள் நிற்கவில்லை. பாதை தோட்டங்களைத் தேடித்தான் மேலே நீண்டது. 1874இல் நாவலப்பிட்டி, 1880இல் மாத்தளை, 1885இல் நானுஓயா. ஆட்கள் வரும் தலைமன்னார்க் கரைக்குப் பாதை போய்ச் சேர்ந்தது 1914இல்தான். கோப்பிக்கு வண்டி கிடைத்து 47 வருடங்களுக்குப் பின்! அதற்குள் இலைநோய் வந்து கோப்பியே செத்து, அந்த மலைகளில் தேயிலை வளர்ந்துவிட்டது.

அந்தத் தலைமன்னார்ப் பாதைக்கும் ஒரு துயரம் காத்திருந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. எங்கள் மாமா குடும்பம் இந்தியப் பங்கில் விழுந்தது. கடவுச்சீட்டு வேலையாகக் கண்டிக்கு எத்தனை தடவை போய் வந்தார்களோ! கடைசித் தடவை தகரப் பெட்டியோடு போனார்கள். தலைமன்னாருக்குப் போகும் அந்த வண்டிக்கு எங்கள் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தது. கண்டி புகையிரத நிலையத்தில் அம்மா தன் தமையனின் கையை ஜன்னல் வழியாகப் பிடித்துக்கொண்டு வண்டியோடு நடந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பாட்டன் நடந்து வந்தான். பேரன் வண்டியேறித் திரும்பினான். மேடையில் ஏறவேண்டிய மனிதர்களையும் ஏற்றவேண்டிய சரக்கு போலவே எண்ணிக் கணக்கெடுத்த காலம் அது.

இருந்துவிட்ட எங்களுக்கு வாழ்க்கையின் வண்டி பஸ்தான். புசல்லாவைக்குப் புகையிரதம் இல்லை. கம்பளைக்குப் போனால்தான் அதன் முகத்தைப் பார்க்கலாம். 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது. இலாபம் தராத மலைப் பாதைகளுக்கும் பஸ் விடவேண்டும் என்பது அதன் ஆதாரக் கொள்கை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய்மாரும் அந்தச் சிவப்பு பஸ்ஸை நம்பித்தான் மலையிறங்கினார்கள். 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் வந்தன. வண்டிகள் கூடின. ஆனால் சனம் நிறைந்த நேரத்தில் ஓடும் பஸ் வேறு, இருட்டிய பின் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலையேறும் பஸ் வேறு.

கண்டி நகரத்துக்கோ இடம் போதவில்லை. மலைகளுக்கு நடுவே கிண்ணம் போல அமைந்த ஊர் அது. கடைசி மன்னன் 1812இல் கட்டி முடித்த வாவி ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளும். பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னகும்புறை என்று மூன்று வாசல்கள் வழியாகத்தான் பிரதான வீதிகள் உள்ளே வரும். 1988இல் யுனெஸ்கோ கண்டியை உலக மரபுரிமை நகரமாக்கியது. ஆகவே பழைய கட்டடங்களை இடித்து வீதியை அகலமாக்கவும் வழியில்லை. 1998 ஜனவரியில் தலதா மாளிகையின் முன் குண்டு வெடித்த பிறகு அந்த வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அதில் ஓடிய வாகனங்களெல்லாம் மற்ற வீதிகளில் நெருக்கின. மணிக்கூட்டுக் கோபுரத்தடி, டொறிங்டன், குட்செட் என்று பஸ் நிலையங்கள் மூன்றாகச் சிதறிக் கிடந்தன. ஒன்றில் இறங்கி இன்னொன்றுக்குப் போக, கையில் மருந்துச் சீட்டும் இடுப்பில் பிள்ளையுமாக எத்தனை பெண்கள் அந்த நெரிசலில் ஓடியிருப்பார்கள்!

நான் அறியத்தக்க வயதில் குட்செட் சரக்கின் பெயரைத் தாங்கிய பஸ் நிலையமாகிவிட்டது. நுவரெலியாப் பக்கத்து பஸ்கள் அங்கேதான் வந்து நின்றன. மூட்டை ஏற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் மூட்டை இறங்கிய இடத்திலேயே இறங்கினார்கள். மழைக்கு ஒதுங்க இடம் தேடியதும் அங்கேதான்.

பஸ்ஸையும் புகையிரதத்தையும் ஒரே இடத்தில் இணைக்கும் பெரிய போக்குவரத்து நிலையத்துக்கு அந்த குட்செட் பகுதியையே தெரிவு செய்தார்கள். 2020இல் உலக வங்கி அதற்குக் கடன் வழங்க இணங்கியது. இது நல்ல காரியம். புகையிரதத்தில் இறங்கியவர் நனையாமல் பஸ்ஸில் ஏறலாம் என்றால் அதை வரவேற்காதவர் யார்? சாவோ பாவ்லோவில் கோப்பிக்காகப் போட்ட அந்தப் பழைய தடத்தில் இப்போது புறநகர்த் தொழிலாளர்கள் வேலைக்குப் போய் வருகிறார்கள். அந்த மாற்றம் இங்கும் முடியும். கம்பளையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் கண்டிக்கு வரும் தண்டவாளங்கள் ஏற்கெனவே கிடக்கின்றன. காலையிலும் மாலையிலும் அவற்றில் போதிய வண்டிகள் ஓடி, கம்பளையில் வண்டிக்கு இயைய மலைப் பக்கத்து பஸ் நின்றால், பேராதனை வாசலில் நெரிசல் குறையும். எங்கள் பிள்ளைகளுக்கும் நேரம் மிஞ்சும்.

ஆனால் கட்டடம் மட்டும் போதாது என்பதை அந்த நாட்டாமை எனக்குச் சொல்லித் தந்துவிட்டார். யாருக்காகக் கட்டுகிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மாடிகளையும் கடைத் தொகுதிகளையும் அளக்கிறவர்கள் வேறு சிலவற்றையும் அளந்து பார்க்கட்டும். புசல்லாவைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அது ஆளைக் கண்டால் நிற்குமா? பஸ்ஸின் பெயர்ப் பலகையை ஒரு தமிழ்க் கிழவி எழுத்துக்கூட்டியாவது வாசிக்க முடியுமா? பெண்கள் அஞ்சாமல் போகத்தக்க கழிப்பறை உண்டா? நெஞ்சு நோய்க்காரி ஒருத்தி சாய்ந்து உட்கார ஒரு வாங்கு உண்டா?

அன்று இரவு அம்மா விடியும்வரை தூங்கவில்லை. என் தலையைத் தன் மடியில் வைத்து, அந்தச் சாக்கால் என்னை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் முதல் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். அன்றைக்கு அம்மாவுக்குப் பேர் இல்லை. அரை நாள் கூலி கூட இல்லை. அம்மா காலமாகி வருடங்கள் பல ஆகிவிட்டன. மருந்துச் சீட்டோடு கண்டிக்குப் போகும் தாய்மார் இன்னும் எங்கள் மலைகளிலிருந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் பொழுதோடு வீடு வந்து சேரட்டும். கண்டி வளர்ந்துவிட்டது என்று அப்போது நானும் சொல்வேன்.