ஒரு லட்சம் குரங்கும் ஒரு பழைய சட்டமும்

2023 ஏப்ரலில் அந்தச் செய்தி ஸ்கந்தபுரம் தேத்தண்ணிக் கடைகள் வரைக்கும் வந்து சேர்ந்தது. சீனாவுக்கு ஒரு லட்சம் குரங்குகளை அனுப்புவது பற்றி யோசிக்கிறோம் என்று அப்போதைய விவசாய அமைச்சர் மகிந்த அமரவீர சொல்லியிருந்தார். தென்னங்குரும்பையையும் வாழைக்குலையையும் குரங்குக்குப் பறிகொடுத்த ஆக்கள் எங்கட பக்கம் கனபேர். "கொண்டு போகட்டும், கரைச்சல் விட்டுது" என்றுதான் நாங்களும் முதலில் சொன்னோம்.

மிருகக்காட்சிச்சாலைகளுக்கு என்றார்கள். இவ்வளவு குரங்கு அங்கே எதுக்கு? ஆய்வுகூடங்களுக்குத்தான் போகும் என்று சூழலியலாளர்கள் சந்தேகப்பட்டு நீதிமன்றம் போனார்கள். அப்படியொரு கோரிக்கை பற்றித் தெரியாது என்றது சீனத் தூதரகம். அந்த ஆண்டின் நடுப்பகுதியில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. உலகில் இலங்கையில் மட்டுமே வாழும், அருகிவரும் இனம் இது.

இந்தக் கதை பக்கத்து நாட்டில் முன்னரே நடந்திருக்கிறது. 1950களில் போலியோ தடுப்பு மருந்து செய்ய, குரங்கின் சிறுநீரகக் கலங்களில்தான் வைரஸை வளர்த்தார்கள். அதுக்காக இந்தியாவிலிருந்து ரீசஸ் குரங்குகள் ஆயிரக்கணக்கில் ஏற்றுமதியாகின. 1955இல் லண்டன் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சுத்திணறிச் செத்தன. இந்தியா ஏற்றுமதியைக் கொஞ்சக்காலம் நிறுத்தித் திரும்பவும் தொடங்கியது. மருத்துவத்துக்கென்று அனுப்பிய குரங்குகளை அமெரிக்காவில் இராணுவக் கதிர்வீச்சுப் பரிசோதனைகளுக்குப் பாவித்தது பிறகு வெளியில் வந்தது. 1978இல் மொரார்ஜி தேசாய் அரசு ஏற்றுமதியை முழுதாகத் தடை செய்தது.

இதிலே ஒரு சங்கடமும் இருக்கு. அந்தத் தடுப்பு மருந்தின் பலன் எங்களுக்கும் கிடைத்தது. 1993க்குப் பிறகு இலங்கையில் போலியோ இல்லை. ஆகவே, 'பரிசோதனையே கூடாது' என்று நாங்கள் லேசாகச் சொல்லிவிட முடியாது. எதுக்காக, எத்தனை, வேறு வழி இல்லையா என்று முதலே கேட்க ஆள் வேண்டும்.

ஐரோப்பா அந்தக் கேள்வியைச் சட்டமாக்கியது. 1876இல் பிரித்தானியா முதல் அடி வைத்தது. 1959இல் ரஸல், பர்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று விதிகளை எழுதினார்கள்: முடிந்தால் விலங்குக்குப் பதில் வேறு முறை, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை. 1986இல் ஐரோப்பியச் சமூகம் பொதுச் சட்டம் கொண்டுவந்தது. அதைவிடக் கடுமையான 2010ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மூன்று விதிகளையும் உள்ளே எடுத்தது. அதன்படி, பரிசோதனை தொடங்க முன்னமே அனுமதி எடுக்கவேணும். விலங்குக்கு வரும் நோவையும் மனிதருக்கு வரும் பயனையும் எடைபோட்ட பிறகுதான் அனுமதி. காட்டில் பிடித்த விலங்குகளை, விதிவிலக்குகள் தவிர, பாவிக்கக்கூடாது. கணவாய்க்குக்கூட அதில் பாதுகாப்பு உண்டு.

எங்கட நாட்டில்? விலங்கு வதைக்கு எதிரான சட்டம் 1907இல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. அதில் ஆகக்கூடிய தண்டப்பணம் வெறும் 100 ரூபா. 2006இல் சட்ட ஆணைக்குழு தயாரித்த புதிய வரைவு ஆண்டுக்கணக்காய் இழுபட்டது.

தோட்டக்காரரின் நட்டம் உண்மை. அதுக்குத் தீர்வும், நட்டஈடும் கட்டாயம் வேணும். ஆனால் 2023இல் அந்தக் குரங்குகளைக் காப்பாற்றியது வழக்குப் போட்ட சிலபேரின் பிடிவாதம். அடுத்தமுறை கேட்கிற விலை கூடவாக இருந்தால் என்ன செய்வோம் என்று நாங்கள் இப்பவே பேசத் தொடங்கவேணும்.