கஞ்சிரா: புதுக்கோட்டை வழி

கஞ்சிரா ஒருபுறம் மட்டும் தோல் போர்த்திய சிறு தாளக் கருவி. பலா மரத்தில் கடைந்த வளையம், அதில் ஒரு துளை, துளைக்குள் இரண்டு மூன்று காசுகள், முகத்தில் உடும்புத் தோல். வாசிக்குமுன் உட்புறம் தண்ணீர் தெளித்துத் தோலைத் தளர்த்துவார்கள். இல்லாவிட்டால் கீச்சென்று ஒலிக்கும். அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த பெருமை, நாற்புறமும் ஆங்கிலேயர் ஆட்சிப்பகுதி சூழத் தீவுபோல் கிடந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு உரியது.

இந்த மண்ணில் இசைக்குப் பழைய வேர் உண்டு: இங்குள்ள குடுமியான்மலை இசைக் கல்வெட்டு 7ஆம் நூற்றாண்டினது என்பர்; மகேந்திரவர்மன் பெயரோடு அதை இணைப்பதைப் பலர் ஏற்பதில்லை. பிற்காலத்தில் பஜனைகளில் கஞ்சிரா ஒலித்தது.

மான்பூண்டியா பிள்ளையிடம் வந்ததும் கதை விரிகிறது. மாமுண்டியா என்றும் எழுதப்படும் இவர், விளக்கு ஏந்தும் பணியில் இருந்தவர். கோயில் விளக்கா, அரண்மனை விளக்கா என்பதில் சொல்வோர் வேறுபடுகிறார்கள். மாரியப்பத் தவில்காரரிடம் லயம் கற்றார். கஞ்சிராவைப் புதிதாகப் படைத்தவர் என்று சிலரும், இருந்ததைத் திருத்தியவர் என்று சிலரும் எழுதுகின்றனர். தஞ்சாவூர் நாராயணசாமி அப்பாவின் மிருதங்கத்துக்கு எதிரே அமர்ந்து இவர் அவருடைய மதிப்பைப் பெற்ற கதையைப் பலரும் பலவிதமாகச் சொல்வதுண்டு. எப்படியாயினும், தவிலின் கணக்கு ஒரு கைப்பிடிக் கருவிக்குள் புகுந்தது இவரால்தான்.

அங்கிருந்து அந்தக் கணக்கு மிருதங்கத்துக்கும் பரவியது. இவருடைய மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) இரண்டையும் வாசித்தார். பாடகர் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின், பல பக்கவாத்தியங்கள் கூடிய 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிகளில் கஞ்சிராவோடு அமர்ந்தார். இன்னொரு மாணவர் பழனி முத்தையா பிள்ளையின் மகன்தான் இடக்கை மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை. தஞ்சாவூர் பாணிக்கு இணையாகப் 'புதுக்கோட்டை பாணி' என்ற பெயர் நிலைத்தது இப்படித்தான்.

புதுக்கோட்டையின் திருக்கோகர்ணம் இந்தப் பாணியின் கதையில் தனி இடம் பெறுகிறது. இவ்வூர்ப் பிரகதாம்பாள், சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான்களின் குலதெய்வம். அவள் உருவம் பொறித்த அம்மன் காசை நவராத்திரியில் வழங்கினார்கள். கஞ்சிராவில் கிலுங்கும் காசு அதுதான் என்று சொல்ல இடமில்லை. சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. இவ்வூர் நட்டுவனார் சிவராமனின் மகள் ரங்கநாயகி அம்மாள் 1910இல் பிறந்தார். தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் மிருதங்கம் பயின்று, பெண்கள் அந்தக் கருவியைத் தொடாத காலத்தில் மேடையேறினார். 

1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது; அரண்மனை ஆதரவும் முடிந்தது. பின்னர் கஞ்சிராவின் பெயர் சொன்னவர்களில் முதன்மையானவர் ஜி. ஹரிசங்கர் (1958–2002). கஞ்சிராக் கலைஞர் வி. செல்வகணேஷ் இடம்பெற்ற சக்தி இசைக்குழு 2024இல் கிராமி விருது பெற்றது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காப்பதால், ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் போர்த்திய கஞ்சிராக்கள் இன்று கிடைக்கின்றன.