ஆஷாவுக்குச் சொல்லிக்கொடுப்பவர் யார்?

ஆஷா பணியாளர்களைப் பற்றி நிறைய எழுதியாச்சு. அவங்களுக்குப் பாடம் நடத்துபவருக்குத் தகுதி இருக்கான்னு யார் பார்க்கிறாங்க? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் நடத்தும் ‘சர்ச்’ அமைப்பு, 1990களில் 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தது. எடை பார்ப்பது, மூச்சை எண்ணுவது, கிருமித்தொற்று என்றால் ஜென்டாமைசின் ஊசி போடுவது வரைக்கும். மூன்றாம் ஆண்டில், ஒப்பீட்டுக்கு எடுத்த கிராமங்களைவிட அங்கே பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைவு. 1999இல் லான்செட் இதழில் இது வெளியானது.

வீடு தேடிப்போய்க் குழந்தையைப் பார்க்கும் இந்த முறையை 2011இல் மத்திய அரசு ஆஷாக்கள் வழியாக நாடு முழுக்கக் கொண்டுபோனது. சிக்கல் அங்கேதான். செய்து பழகியவரே எல்லோருக்கும் நேரில் கற்பிக்க முடியாது. தேசிய, மாநில, மாவட்டப் பயிற்றுநர்கள் என்று படிப்படியா இறங்கித்தான் பாடம் ஆஷாவிடம் வரும். மேலே செய்து காட்டியது கீழே வெறும் மனப்பாடமாகிவிடலாம். நிமிடத்துக்கு 60 மூச்சு வந்தால் ஆபத்துன்னு ஒப்பிப்பது சுலபம். அழும் குழந்தையை அமர்த்தி, கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவது கைப்பழக்கம்.

பிறகு தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தோடு சேர்ந்து வந்த சான்றிதழ் திட்டம், ஆஷாக்களோடு பயிற்றுநர்களையும் பயிற்சி மையங்களையும் மதிப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. எண்ணிக்கை தப்பினால் ஆஷாவை மட்டும் திட்டிவிட்டு நகர முடியாது. அவருக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தவரையும் கேட்டாகணும்.