அடிக்கப்படாத ஆராய்ச்சி மணி

மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை நாம் அறிவோம். கன்றை இழந்த பசு தானே வந்து கயிற்றை இழுத்தது. கயிற்றை இழுக்கவும் இயலாமல் ஒருவர் வீழ்ந்து கிடந்தால், அவருக்காக மணியடிக்க வேண்டியவர் யார்? இந்திய மருத்துவமனைகளில் பணியாளர்மீது நிகழ்ந்த வன்முறையின் வரலாற்றில் இக்கேள்வியே முன்னிற்கிறது.

அருணா ஷான்பாக், அன்றைய பம்பாயின் கே.ஈ.எம். மருத்துவமனைச் செவிலியர். 1973 நவம்பர் 27 அன்று, பணி முடிந்து உடைமாற்ற அடித்தளத்திற்குச் சென்றவரை, அங்கேயே வேலைபார்த்த துப்புரவுப் பணியாளர் ஒருவர் தாக்கினார். நாய்ச்சங்கிலியால் கழுத்து இறுக்கப்பட்டதில் மூளைக்குச் செல்லும் ஆக்சிஜன் தடைப்பட்டது. மறுநாள் காலையில்தான் அவரைக் கண்டனர்.

வழக்கு நடந்தது, கொள்ளைக்கும் கொலைமுயற்சிக்கும் மட்டுமே. பாலியல் வன்முறையை மருத்துவமனைத் தலைமை வெளியிடவில்லை. திருமணம் நிச்சயமாகியிருந்த பெண்ணுக்குப் பழிச்சொல் வந்துவிடக்கூடாது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். பிங்கி விரானி 1998இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாகப் பதிவுசெய்கிறது. மானம் காப்பதாக எண்ணிய மௌனம், குற்றவாளியின் பளுவைத்தான் குறைத்தது. அவனுக்குக் கிடைத்தது ஏழாண்டுச் சிறை. அருணாவோ 2015 மே 18 வரை, நாற்பத்தோராண்டுகளுக்கு மேலாக, அதே மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்தார்.

பேசியவர்கள் செவிலியர்களே. பாதுகாப்புக் கோரி அன்று வேலைநிறுத்தம் செய்தனர். தலைமுறை தலைமுறையாக அருணாவைப் பேணினர். ஆயினும் 2011இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பால் அவர் பெயர் கருணைக்கொலை விவாதத்தோடு பிணைந்துவிட்டது. பணியிடத்தில் தாக்கப்பட்ட தொழிலாளி அவர் என்பது பின்னுக்குப் போயிற்று.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் பிற அமைப்புகளும் 2002இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வன்முறையை முறையாகப் பதிவுசெய்து தெரிவிப்பதைத் தடுப்பின் ஓர் அங்கமாகவே கொண்டன. தமிழ்நாடு 2008இலும் மகாராஷ்டிரம் 2010இலும் மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்குச் சட்டம் இயற்றின. அவை முதன்மையாகப் பேசியது தண்டனையை.

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில், பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டார். காலையில் உடல் காணப்பட்டும், முதல் தகவல் அறிக்கை பதிவானது நள்ளிரவை நெருங்கிய வேளையில். ஆகஸ்ட் 16 அன்று மத்திய அரசின் சுகாதாரத்துறை தன் மருத்துவமனைகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது: பணியாளர் தாக்கப்பட்டால், 6 மணி நேரத்திற்குள் நிறுவனத்தின் சார்பில் புகார் பதிவுசெய்வது நிறுவனத் தலைவரின் பொறுப்பு. நான்கு நாள் கழித்துத் தேசியப் பணிக்குழுவை அமைத்த உச்சநீதிமன்றம், அருணாவையும் நினைவுகூர்ந்தது.

மணியடிக்க வேண்டியவர் யார் என்பதை எழுத்தில் சொல்ல 51 ஆண்டுகள் ஆயின. உயிர் போன பிறகு பதியும் புகாரோடு இது நின்றுவிடலாகாது. இரவுப்பணிச் செவிலியர்மீது எறியப்படும் வசைச்சொல்லும், ஓங்கப்படும் கையும் அன்றன்றே பதிவேட்டில் ஏறவேண்டும். அதுவே தடுப்பின் தொடக்கம்.