வாட்ச் மூடியும் ஓப்பனரும்: ஒரு குட்டி வரலாறு

பழைய வாட்ச்களைப் பிரித்துப் பார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் சென்னையில் இன்றும் உண்டு. புதிதாக இதில் இறங்குபவர்களுக்கு முதல் சந்தேகமே மூடியில்தான். எந்த ஓப்பனர் வாங்குவது? கடையில் விதவிதமாக இருக்கிறது, கையில் பணமோ கொஞ்சம்தான்!

இதற்குப் பதில் வாட்ச்சின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஒவ்வொரு காலத்து மூடியும் தனக்கென்று ஒரு கருவியைக் கேட்டது. அந்தக் கதை தெரிந்தால் தேவையில்லாத கருவிக்குப் பணம் போகாது.

நகமே போதும் என்றிருந்த காலம்

மெட்ராஸில் வாட்ச் என்றதும் நினைவுக்கு வரும் பழைய பெயர் பி.ஆர். அண்ட் சன்ஸ். 1849-ல் தொடங்கிய கடை. மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், கடிகாரக் கோபுரத்துடன் நிற்கும் அதன் கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். அந்தக் காலத்தில் வாட்ச் என்றால் சட்டைப் பையில் சங்கிலியோடு தொங்கும் பாக்கெட் வாட்ச்தான். அதில் பலவற்றின் பின்மூடி சின்னக் கீல் வைத்த கதவு மாதிரி இருக்கும். விளிம்பில் நகத்தைக் கொடுத்தால் திறந்துகொள்ளும். பழைய வகைகளில் தினமும் மூடியைத் திறந்து, தனிச் சாவியால்தான் சாவி கொடுக்க வேண்டும். தினமும் திறக்கிற மூடி சுலபமாகத் திறக்கத்தானே வேண்டும்?

மூடி இறுகிய கதை

வாட்ச் பையிலிருந்து மணிக்கட்டுக்கு வந்ததும் நிலைமை மாறியது. கை என்றால் வியர்வை, தூசி, தண்ணீர் எல்லாம் உண்டு. 1891-லேயே ஜெனீவாவைச் சேர்ந்த பிரான்சுவா போர்ஜெல் திருகி மூடும் கேஸ் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்த வீரர்களுக்கு இந்த மாதிரி வாட்ச்கள் மிகவும் உதவின.

1926-ல் ரோலெக்ஸ் 'ஆய்ஸ்டர்' கேஸைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண், ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். பல மணி நேரம் குளிர்ந்த நீரில் கிடந்தும் வாட்ச் ஓடியது. அதை வைத்து ரோலெக்ஸ் செய்த விளம்பரம் உலகப் புகழ் பெற்றது. ஆய்ஸ்டர் மூடியின் விளிம்பில் நாணய விளிம்பு போல வரிவரியாகப் பற்கள் இருக்கும். அதற்குப் பொருந்தும் தனிச் சாவி இருந்தால்தான் திறக்க முடியும். மற்ற பல கம்பெனிகள் மூடியில் சின்னச் சின்னப் பள்ளங்களை வெட்டின. அந்தப் பள்ளங்களில் கால்களை வைத்துத் திருகும் கருவிகள் வந்தன. அதில் பிரபலமானது 'ஜாக்ஸா' என்னும் மூன்று கால் ஓப்பனர்.

சென்னைக்கு வந்த மூடிகள்

1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு எச்.எம்.டி. பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. சாவி கொடுக்கும் எச்.எம்.டி. வாட்ச்கள் பலவற்றில் இருப்பது அழுத்தி மூடும் சாதா மூடி. அதே காலத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் கையிலும், பர்மா பஜார் வழியாகவும் சீகோ, சிட்டிசன் ஆட்டோமேட்டிக்குகள் ஊருக்குள் வந்தன. சீகோ 5 போன்றவற்றில் பள்ளம் வெட்டிய திருகு மூடி.

1969 டிசம்பரில் சீகோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்கு விட்டது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் தொழிற்சாலை அமைத்து குவார்ட்ஸையே நம்பி இறங்கியது. இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. சாவி வாட்ச்சின் மூடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை சர்வீஸுக்குத் திறந்தால் போதும். குவார்ட்ஸுக்கோ பேட்டரி தீரும்போதெல்லாம் திறந்தாக வேண்டும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று எந்தக் கடைவீதியிலும் ஐந்து நிமிடத்தில் பேட்டரி மாற்றித் தருகிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

சரி, எதை வாங்குவது?

முதலில் வாட்ச்சைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் ஒரு சிறிய வெட்டோ உதடோ தெரிந்தால் அது அழுத்து மூடி. அதற்கு கேஸ் கத்தி போதும். இருப்பதிலேயே மலிவான கருவி இதுதான். காய்கறிக் கத்தி கூடாது, கூர் அதிகம், வழுக்கினால் கை போய்விடும். மூடும்போது உட்புறத்தையும் பார்க்க வேண்டும். பல மூடிகளில் சாவித் தண்டுக்கென்று ஒரு வெட்டு இருக்கும். அது நேராக வராவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் மூடாது, முன்பக்கக் கண்ணாடிதான் உடையும்.

சுற்றிலும் பள்ளங்கள் தெரிந்தால் திருகு மூடி. ரொம்ப இறுகாத மூடியை ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் பந்தாலேயே அழுத்திச் சுழற்றித் திறந்துவிடலாம், கீறலும் விழாது. அசையவில்லை என்றால் மூன்று கால் ஓப்பனர். இரண்டு கால் ஓப்பனர் விலை குறைவுதான், ஆனால் சுலபமாக வழுக்கும்; மூடியில் கோடு விழும். ஓப்பனரில் மிச்சம் பிடிக்கும் பணத்தில் வாட்ச்சை அசையாமல் பிடிக்கும் ஹோல்டர் ஒன்று வாங்குவது நல்லது. ஆய்ஸ்டர் வகைப் பல் மூடியென்றால் கடைக்காரரிடம் கொடுப்பதே சிக்கனம். ஒரே வாட்ச்சுக்காகத் தனிச் சாவி வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது.

இன்னொன்று. 2016-ல் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. பல வீட்டு பீரோக்களில் கிடக்கும் அப்பாவின் கல்யாண வாட்ச்சுக்கு அசல் மூடி இனி சுலபமாகக் கிடைக்காது. பந்து ஐம்பது ரூபாயோ, ஓப்பனர் ஐநூறு ரூபாயோ, மறுபடி வாங்கிக்கொள்ளலாம். மூடியில் விழுந்த கோட்டை அழிக்க முடியாது. அதனால் முதல் பரிசோதனை ஓடாத பழைய வாட்ச் ஒன்றில் நடக்கட்டும். அப்பாவின் வாட்ச் கொஞ்சம் காத்திருக்கட்டும்!