பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்குச் சேர்த்த பணத்திற்கு ஜகாத் உண்டா?

"ஹஜ்ரத், இது மகளின் படிப்புக்கென்று ஒதுக்கி வைத்த பணம். இதற்குமா ஜகாத்?" ரமளான் நெருங்கினால் இந்தக் கேள்வி வராத ஆண்டு இல்லை. கேட்பவர்கள் பெரும் செல்வந்தர்கள் அல்லர். வளைகுடாவில் வேலை பார்த்து, மாதம் ஐந்தாயிரம் பத்தாயிரம் என மிச்சம் பிடித்தவர்கள்.

உண்டு என்பதே பதில். பணம் யாருடைய உடைமை என்பதைத்தான் மார்க்கம் பார்க்கிறது. எந்தச் செலவுக்காக வைத்திருக்கிறோம் என்பதை அல்ல. ஹஜ்ஜுக்கு, வீடு கட்ட, கல்லூரிக்கு என எதற்குச் சேர்த்தாலும் நிஸாபை எட்டி, ஒரு சந்திர ஆண்டு கடந்தால் 2.5 சதவீதம் கடமை. நிஸாப் என்பது தங்கத்தில் 87.48 கிராம், அதாவது ஏறத்தாழ 11 பவுன், வெள்ளியில் 612.36 கிராம். ரொக்கத்துக்கு வெள்ளியின் மதிப்பையே நம் ஆலிம்கள் பலரும் அளவாகக் கொள்கிறார்கள்.

கையில் 4 லட்சம் இருந்தால் ஜகாத் 10,000 ரூபாய். அடுத்த ஆண்டும் மீதமுள்ள தொகைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு முறை ஜகாத் கொடுத்த பணத்துக்கு மறுபடி கிடையாது என்றொரு கருத்து தமிழகத்தில் பரவியிருக்கிறது. நான்கு மத்ஹபுகளின் நிலைப்பாடு அதுவல்ல. ஜகாத் நாளுக்கு முன்பே கட்டிவிட்ட கட்டணத்துக்கு ஜகாத் இல்லை. ஆனால் இனி வரப்போகும் மூன்று ஆண்டுக் கட்டணத்தைக் கடன் என்று சொல்லி இப்போதே கழிக்க முடியாது.

அந்த 4 லட்சத்தைச் சும்மா வைத்திருந்தால் பத்து ஆண்டுகளில் சுமார் 3 லட்சத்துப் பத்தாயிரமாகக் குறைந்துவிடும். அநாதைகளின் சொத்தை ஜகாத் கரைத்துவிடாதபடி வியாபாரத்தில் ஈடுபடுத்துங்கள் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் சொன்ன அறிவுரை இமாம் மாலிக்கின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. பிள்ளைகளின் படிப்புக்குச் சேமிப்போர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

சரி, எதில் போடுவது? வங்கி வைப்புநிதியும், 2015இல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டமும் வட்டி தருபவை. ஏற்கெனவே போட்டிருந்தால் அசலுக்கு ஜகாத் உண்டு. வட்டி நம் பணமல்ல, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்து வெளியேற்ற வேண்டும். ஷரீஅத் வரையறைப்படி பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகள் இந்தியாவில் உள்ளன. டாடா எதிகல் ஃபண்ட் 1996 முதல் நடக்கிறது. அவற்றில் நஷ்டமும் வரலாம். நிலம் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படிப்பு நேரத்தில் விற்பதற்கென்றே வாங்கிய மனை வணிகப் பொருள்; ஆண்டுதோறும் அதன் சந்தை விலைக்கு ஜகாத் வரும்.

பிள்ளையின் பெயரிலேயே போட்டுவிட்டால்? இங்கே மத்ஹபு மாறுபடுகிறது. பருவமடையாத பிள்ளையின் பணத்தில் ஜகாத் இல்லை என்பது ஹனஃபி சட்டம். உண்டு, பொறுப்பாளர் அதிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ சட்டம்; தம் பராமரிப்பில் இருந்த அநாதைப் பிள்ளைகளின் பணத்திலிருந்து ஆயிஷா (ரலி) அவர்கள் ஜகாத் கொடுத்து வந்த செய்தியும் முவத்தாவில் உள்ளது. ஆக வாணியம்பாடியில் கிடைக்கும் பதில் காயல்பட்டினத்தில் கிடைக்காது. அவரவர் மத்ஹபு ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் கணக்கில் பெயர் எழுதியதால் மட்டும் பணம் பிள்ளையுடையதாகிவிடாது. உண்மையாகவே ஹிபா செய்திருக்க வேண்டும். மனதுக்குள் 'இது என் பணம்தான்' என்று வைத்திருந்தால் ஜகாத்தும் தந்தை மீதே.

தந்தை இறந்துவிட்டால்தான் இதன் கனம் தெரியும். ஹிபா செய்யாத பணம், மகனின் பொறியியல் படிப்புக்கென்று பதினைந்து ஆண்டுகள் சேர்த்ததாக இருந்தாலும், வாரிசுச் சொத்து. மனைவிக்கு எட்டில் ஒன்று, மற்ற வாரிசுகளுக்கு அவரவர் பங்கு. நாமினியாகப் பெயர் இருப்பது உரிமையாகாது. வாரிசுக்கு எழுதிய வஸிய்யத்தும் மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் செல்லாது. முறையாக ஹிபா செய்வதானால் மகன்களோடு மகள்களுக்கும் நீதமாகச் செய்து, இரண்டு சாட்சிகளுடன் எழுதி வைத்துவிடுங்கள். மனைவிக்கும் அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று தெரியட்டும்.