நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய்

அப்பாவின் அம்பாசிடரில் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். எனக்கு அப்போது பத்து வயசு. அடிவாரம் நெருங்கும்போது பிரேக் பெடல் அப்படியே தரையில் போய் உட்கார்ந்துவிட்டது. அப்பா ஒண்ணுமே பேசவில்லை. கியரைக் குறைத்தார், ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், மலைப்பக்கத்து ஓடையில் ஒரு சக்கரத்தை இறக்கி வண்டியை நிறுத்தினார். பின்சக்கரம் ஒன்றில், வீல் சிலிண்டருக்குள் இருந்த ரப்பர் கப் கிழிந்து ஆயில் ஒழுகியிருந்தது. ஒரு சக்கரத்தில்தானே கோளாறு, மற்ற மூணும் ஏன் பிடிக்கலை என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "எல்லாம் ஒரே லைன் தம்பி, ஒரு இடத்துல போனா மொத்தமும் போச்சு" என்றார்.

அந்த "ஒரே லைன்" என் மண்டைக்குள் ரொம்ப நாள் இருந்தது. அப்படி ஏன் செய்தார்கள்?

பதில் கொஞ்சம் விசித்திரமானது. அந்த ஒரே லைனுக்காகத்தான் அதை வாங்கினார்கள். முதலில் வந்த நாலு சக்கர பிரேக்குகள் கம்பியாலும் கேபிளாலும் இழுக்கப்பட்டவை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக நீளம் சரிசெய்ய வேண்டும். ஒன்று அரை திருகு இறுகினாலும் அந்தப் பக்கம் முதலில் பிடிக்கும், வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். மூடிய குழாயில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது 17-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் சொன்ன விதி. அதைக் காருக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். 1917-ல் காப்புரிமை வாங்கினார். இவருடைய தம்பி ஆலன்தான் லாக்ஹீட் விமானக் கம்பெனியின் ஆலன். குடும்பப் பெயரின் உண்மையான எழுத்தைப் பார்த்தவர்கள் 'லாக்-ஹெட்' என்றெல்லாம் வாசித்ததால், உச்சரிப்புக்கு ஏற்ப எழுத்தையே மாற்றிக்கொண்டார்கள்.

1921-ல் டூசன்பெர்க் கம்பெனி தன் மாடல் ஏ காரில் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் கொடுத்தது. அதே வருஷம் ஜூலையில், லெ மான்ஸில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில், டூசன்பெர்க் வண்டியை ஓட்டி ஜிம்மி மர்ஃபி ஜெயித்தார். விலாவில் அடிபட்டு, கட்டுப்போட்ட உடம்போடு. சாலை பெயர்ந்து கல் பறக்கும் அந்தப் பந்தயத்தில், திருப்பங்களில் மற்றவர்களைவிடத் தாமதமாக பிரேக் அடிக்க முடிந்தது அவருக்குப் பெரிய பலம்.

ஆனால் பந்தயத்தில் ஜெயிப்பது வேறு, தினமும் ஆபீஸுக்குப் போவது வேறு. லாக்ஹீடின் முதல் அமைப்பில் திரவத்தை அடைத்து நிறுத்தியவை தோல் கப்கள். தோல் காயும், சுருங்கும், ஒழுகும். 1924-ல் முதல் கிரைஸ்லர் காருக்கு இந்த பிரேக்கை எடுத்துக்கொண்ட இன்ஜினியர்கள்தான் தோலைத் தூக்கிப்போட்டு ரப்பர் கப் வைத்தார்கள். எனக்கு இந்தக் கதையில் பெரிய திருப்பம் இதுதான். பிரேக்கை ஜனங்களிடம் கொண்டுசேர்த்தது பாஸ்கல் விதி அல்ல, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்கும் ரப்பர்.

அந்த ரப்பருக்கு ஒரு பத்தியமும் உண்டு. இயற்கை ரப்பரில் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும். அதனால் பிரேக்குக்கு ஆமணக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து பயன்படுத்தினார்கள். பிறகு கிளைக்கால் வகைத் திரவங்கள் வந்தன. இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். DOT 3 என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறிய நிலைக்கு விதித்திருக்கும் அளவு 140 டிகிரிதான். மலையிறக்கத்தில் டிரம் சூடேறி அந்த ஈரம் ஆவியானால் குழாய்க்குள் குமிழி. திரவம் அமுங்காது, குமிழி அமுங்கும். நாம் மிதிக்கும் மிதி முழுக்க அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பெடல் பஞ்சு மாதிரி ஆகும்.

இந்த ஆபத்தெல்லாம் ஹென்றி ஃபோர்டுக்குத் தெரியாமல் இல்லை. செவர்லே 1936-ல் ஹைட்ராலிக்குக்கு மாறியும் ஃபோர்டு கார்கள் 1939 மாடல் வரும் வரை கம்பியையே பிடித்துக்கொண்டிருந்தன. பெடல் முதல் சக்கரம் வரை இரும்பு என்பதே அவர்கள் விளம்பரத்தில் பெருமை. கிழவரின் பிடிவாதம் என்று சரித்திரம் எழுதுபவர்கள் சிரிப்பார்கள். ஏற்காட்டு இறக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அவ்வளவு சிரிப்பு வருவதில்லை. அன்றைக்கு எங்களை நிறுத்திய ஹேண்ட்பிரேக் கம்பியால் இழுப்பதுதானே.

லாக்ஹீட் பிரேக் இங்கிலாந்தில் லீமிங்டனில் தயாராகி மோரிஸ் கார்களுக்குப் போனது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசைதான் உத்தரபாராவில் அம்பாசிடர் ஆனது. அப்படித்தான் அந்த ஒரே லைன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. குழாயை இரண்டாகப் பிரித்து, ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும்படி செய்வதை அமெரிக்காவில் 1962-ல் காடிலாக்கும் ராம்ப்ளரும் கொண்டுவந்தன. அங்கே புதுக் கார்களுக்கு அது சட்டமானது 1968 ஜனவரி 1-ல். கிரைஸ்லர் வந்து 44 வருஷம் கழித்து!

அப்பாவின் வண்டி இப்போது என்னிடம். போன வாரம் வீல் சிலிண்டர் ரப்பர் நாலு சக்கரத்துக்கும் மாற்றி ஏர் எடுத்தோம். தூரத்திலிருக்கும் இடது பின்சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும். நிப்பிளில் டியூப்பை மாட்டி, மறுமுனையை ஆயில் இருக்கும் கண்ணாடி பாட்டிலில் முக்கி வைத்தார் மெக்கானிக். நான் பெடலில். "மிதிங்க... புடிங்க, விடாதீங்க" என்பார் கீழிருந்து. நிப்பிளைத் திறப்பார், பெடல் இறங்கும், பாட்டிலில் குமிழி கிளம்பும். அவர் மூடிவிட்டு "விடுங்க" என்று சொல்லும் முன் நான் காலை எடுத்தால், வெளியே போன காற்று திரும்ப உள்ளே. ஒருமுறை எடுத்தும்விட்டேன், திட்டும் வாங்கினேன். நடுநடுவே மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் ஆயில் தீராமல் ஊற்றிக்கொண்டே இருக்கணும். தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து.

நாலாவது சக்கரம் முடிந்தபோது பெடல் கல்லு மாதிரி நின்றது. மெக்கானிக் கை துடைத்துக்கொண்டு எழுந்தார். "அப்படியே ஹேண்ட்பிரேக் கேபிளையும் ஒருவாட்டி பாத்துடுங்கண்ணே" என்றேன்.